இரண்டாவது ஆல்பத்துக்குக் கீழே

எழுதுவதற்கு உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவது வரை படித்தேன். மறைமலைநகரில், கார்களில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் செய்யும் ஒரு கம்பெனியில் பல வருடங்களாகச் சோதனை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். சீல் நன்றாக இருந்தால் ஒரு டிக், வெடிப்பு இருந்தால் ஒரு பெருக்கல் குறி. நாள் முழுவதும் நான் எழுதுவது அவ்வளவுதான். மற்றவர்கள் படிப்பதற்கென்று இதற்கு முன் ஒரே ஒரு தடவை எழுதியிருக்கிறேன். அதுவும் இரண்டு வரி. அந்த இரண்டு வரி யாரைக் குத்தியதோ அவரைப் பற்றியே இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருப்பது சரியில்லைதான். நேரில் பேச வராதவள் நான். அதனால் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை உள்ளவர்கள் பெயர் இல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்குப் பெயர் எதற்கு?

எங்கள் கம்பெனியிலேயே பேக்கிங் பிரிவில் இருந்தார். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். லீவு நாட்களில் சாவு வீடுகளில் கானா பாடப் போவார். எங்கள் பக்கம் பெண்கள் அதைப் பாடுவதில்லை. ஏன் பாடுகிறாய் என்று கேட்டவர்களிடம், “எமன் ஆம்பள பொம்பள பாத்தா தூக்கினு போறான்? பாடறதுக்கு மட்டும் இன்னாத்துக்கு பாக்கற?” என்பார்.

செத்தவர் முகத்தைப் பார்க்காமல் அவர் பாடமாட்டார். ஐஸ் பெட்டிக் கண்ணாடி மங்கியிருந்தால் முந்தானையால் துடைத்துவிட்டு, குனிந்து, நன்றாகப் பார்ப்பார். பிறகு வீட்டாரில் ஒருவரைத் தனியாகக் கூப்பிடுவார். “குடிப்பாரு, அடிப்பாரு, தங்கமானவரு, அதெல்லாம் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத ஒண்ணு சொல்லு” என்பார். அந்த ஒன்றிலிருந்துதான் பாட்டு கிளம்பும்.

உயிரோடு இருப்பவர்களிடமும் அப்படித்தான். தலையைக் குனிந்துகொண்டு ஏதாவது சொன்னால் தாடையைப் பிடித்துத் தூக்கி, “மூஞ்சிய காட்டிட்டு சொல்லு” என்பார். என் தாடையை எத்தனை தடவை பிடித்திருப்பார் என்று கணக்கே இல்லை. ஒருமுறை புதிதாக வந்த சூப்பர்வைசர் மேல் மாடிக் கண்ணாடி அறைக்குள் இருந்துகொண்டு மைக்கில், “பேக்கிங்ல என்னம்மா தூக்கமா?” என்றார். இவர் கையிலிருந்த டேப்பை வைத்துவிட்டுப் படியேறிப் போய்க் கதவைத் திறந்தார்.

“இப்ப சொல்லு சார்.”

“என்னம்மா சொல்லணும்?”

“மைக்ல சொன்னியே, அத்த. மூஞ்சிக்கு நேரா சொல்லு, கேட்டுக்கறேன்.”

அந்த ஆள் குனிந்து மேசையில் இருந்த பேப்பரைப் புரட்டினார். அதன் பிறகு மைக்கைத் தொடவே இல்லை. கேன்டீனில் ஒரு வாரம் இதே பேச்சு. ஆனால் அவருக்கு அதில் சந்தோஷம் இல்லை. “சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்மே. நான் அன்னிக்கி கொஞ்சம் தூங்குனது நெசம்தான்” என்றார்.

எங்கள் கம்பெனி பஸ் மாமல்லபுரத்தில் கிளம்பும். நான் முதல் ஸ்டாப்பில் ஏறி, பக்கத்து சீட்டில் டிபன் பையை வைத்துக்கொள்வேன். திருக்கழுக்குன்றத்தில் அவர் ஏறுவார். பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு உட்காருவார். நான் பேசமாட்டேன், அவர் பேசிக்கொண்டே வருவார். அது இருவருக்கும் சரியாக இருந்தது.

முதல் ஆல்பம் வந்தது அந்தச் சமயத்தில்தான். செங்கல்பட்டில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த ஒருவர், இவர் சாவு வீடுகளில் பாடிய ஏழு பாட்டுகளை டோலக்கு வைத்துப் பதிவு செய்து சேனலில் போட்டார். நாலு மாதத்தில் எங்கே போனாலும் அந்தப் பாட்டுத்தான். ஆட்டோவில், மீன் ஏலம் போடும் இடத்தில், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் பக்கத்தில். எங்கள் பஸ் டிரைவர் காலையில் சாமி பாட்டு ஒன்று, அதன் பிறகு அவர் பாட்டு ஏழு என்று வழக்கமாக வைத்துக்கொண்டார். கம்பெனி வாசலில் பிள்ளைகள் அவரோடு நின்று படம் எடுத்தார்கள். “யக்கா, நான் செத்தா நீதான் பாடணும்” என்று ஒருவன் சொன்னபோது, “மொதல்ல போய் ஷிப்டுக்கு பஞ்ச் அடி” என்றார்.

முதல் ஆல்பம் வந்த மறு வருடம் என் சின்னண்ணன் செத்தான். நெஞ்சுவலி. டெம்போவில் மீன் ஏற்றிக்கொண்டு போனவன், நெம்மேலி தாண்டி வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்மேல் சாய்ந்துவிட்டான்.

அவனும் நானும் நான்கு வருடமாகப் பேசவில்லை. என் மகளைக் காலேஜில் சேர்த்ததில் தகராறு. அவளை அவன் பையனுக்குப் பெண் கேட்டான், நான் படிக்கட்டும் என்றேன். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில், சுவரின் மேல், ஒரு கவரில் நெத்திலி இருக்கும். வைத்தவன் யாரென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும். நானும் ஒரு நாள்கூட அவனிடம் போய், கிடைத்தது என்று சொன்னதில்லை.

சாவு வீட்டுக்கு அவர் வந்து, ஊருக்குத் தெரியாத ஒன்று சொல்லு என்றபோது இதைத்தான் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லாதது. அவர் ஷாமியானாவின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, மூன்று பக்கமும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எங்கள் சனத்தைப் பார்த்துப் பாடினார்.

வாயத் தொறக்காத மவராசா
வாரா வாரம் பேசிச்சி ஒன் நெத்திலி...

அண்ணி அன்றுதான் என் தோளில் விழுந்து அழுதாள். பிணத்தைத் தூக்கிய பிறகு அவர் கிளம்பும்போது என்னிடம், “இது நிக்கும்மே” என்றார். இது அடுத்த ஆல்பத்தில் வரும் என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. நானாக எடுத்துக்கொண்டதுதான்.

இரண்டாவது ஆல்பம் ஒன்றரை வருடம் கழித்து வந்தது. சென்னையிலிருந்து ஒரு இளம் இசையமைப்பாளர் வந்து செய்தார். ஆறு பாட்டு. டோலக்கு இல்லை. கிட்டார், கூடவே ஏதோ மூச்சு விடுவது போல ஒரு வாத்தியம். ஒன்று கம்பெனி பஸ்ஸைப் பற்றி. ஒன்று நின்று நின்று வேலை செய்து வந்த முட்டி வலியைப் பற்றி. ஒன்று, கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கிக் குழாயில் சென்னைக்கு அனுப்ப, நாங்கள் குடம் வைத்துக் காத்திருப்பதைப் பற்றி. மற்ற மூன்றும் வானம், தூக்கம், தனிமை என்று இருந்தன. சாவுப் பாட்டு ஒன்றுகூட இல்லை.

கேன்டீன் டீ நேரத்தில் போனை எடுத்தேன். ஒவ்வொரு பாட்டையும் திறந்து, ஆரம்பத்தை மட்டும் கேட்டு, என் அண்ணன் இருக்கிறானா என்று தேடினேன். ஆறிலும் இல்லை. டீ ஆறுவதற்குள் தேடி முடித்துவிட்டேன். முதல் பாட்டுக்குக் கீழே போய் எழுதினேன். என் போனில் இருந்த கணக்கு என் மகள் எப்போதோ திறந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ எழுத்தும் எண்ணும், படத்தில் ஒரு பூனை.

“அப்ப எங்க கூட தரைல உக்காந்து பாடுனீங்க. இப்ப மேல நின்னுகினு பாடறீங்க.”

இவ்வளவுதான் எழுதினேன். போனை வைத்துவிட்டுப் போய் சீல் பார்த்தேன். மாலை பஸ்ஸில் திறந்து பார்த்தால் அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் லைக். மறுநாள் அதுதான் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்குச் சொல்ல வேறு சொல் தேவைப்படவில்லை. “பூன சொன்னது கரீட்டு”, “பூனைக்கு ஒரு பொன்னாட”, “யக்கா எறங்கி வா” என்று எழுதிக்கொண்டே போனார்கள். யாரோ அந்த இரண்டு வரியை அவர் படத்தின் மேல் எழுதிப் பரப்பினார்கள். டிரைவர் புது ஆல்பத்தை ஒரு நாள் போட்டார், இரண்டாம் பாட்டில் நிறுத்திவிட்டுப் பழையதற்குப் போனார்.

“இன்னா அண்ணாத்த, கட் பண்ட்ட?” என்று அவர் சீட்டிலிருந்தே கேட்டார்.

“கோச்சிக்காத யக்கா. அத்த கேட்டா கண்ண சொக்குது. அம்பது பேரு உயிரு என் கைல கீது.”

பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்தார். பின் சீட்டில் யாரோ, “யக்கா மேல நின்னுகினு பாடுதுல்ல, அண்ணாத்தைக்கு கேக்கல போல” என்றதும் சிரிப்பை நிறுத்தினார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னைக்காரர்கள் வேறு மாதிரி எழுதினார்கள். இணைய இதழ் ஒன்றில் அரைப் பக்கத்துக்கு விமர்சனம் வந்தது. அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் என்னைப் படிக்கச் சொன்னார். முதல் ஆல்பத்தில் கதறியவர் இதில் நிதானத்துக்கு வந்திருக்கிறார், கலைஞராக இது பெரிய தாவல் என்று இருந்தது.

“நிதானம்னா? குடிக்காம இருக்கறதா?”

“அவசரப்படாம பாடறது யக்கா.”

“நல்லா கீதுன்றானா, இல்லன்றானா?”

“நல்லா இருக்குன்னுதான்.”

இன்னொருவர், இசையமைப்பாளர் அவர் குரலுக்கு இஸ்திரி போட்டுவிட்டார் என்று எழுதியிருந்தார். “இஸ்திரியா? அந்தப் புள்ள சட்டையே கசங்கித்தான் கெடக்கும்” என்றார்.

இதோடு விட்டிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். அவரால் விட முடியாது. தன்னைப் பற்றி எழுதிய ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாக வேண்டும் என்று ஆரம்பித்தார். ஒரு விரலால் தட்டித் தட்டி ஒவ்வொருவருக்கும் கீழே, “நான்தான். எங்க கீறீங்க? வந்து பாக்கறேன்” என்று எழுதினார். பாதிப்பேர் பயந்துபோய்த் தாங்கள் எழுதியதை அழித்துவிட்டார்கள்.

நல்லபடி எழுதிய விமர்சகரைக்கூட விடவில்லை. ஒரு லீவு நாளில் செங்கல்பட்டில் ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் பஸ்ஸில் சொன்னார்: “ஆறு பாட்டும் கேட்டியா நைனான்னேன். நாலு கேட்டேன்றான். மீதி ரெண்டயும் கேட்டுட்டு அப்பால நல்லா கீதுன்னு எழுதுன்னு சொல்ட்டு வந்துட்டேன்.” சொல்லிவிட்டு என் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் நாலுகூடக் கேட்டிருக்கவில்லை.

அன்றுதான் வீட்டுக்குப் போய் ஆறையும் முழுதாகக் கேட்டேன். பிறகு தினமும் கேட்டேன். சமையல் செய்யும்போது, துணி துவைக்கும்போது. பரீட்சைக்குப் படிப்பது மாதிரி.

செங்கல்பட்டில் செல்போன் கடை வைத்திருந்த ஒருவர், கேட்டால் தூக்கம் வருகிறது என்று கெட்ட வார்த்தையில் எழுதியிருந்தார். இவர் படிக்கத் துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். கடைக்காரர் இவரைப் பார்த்ததும் கவுன்டருக்குக் கீழே குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

“மேல வாப்பா. அடிக்க வரல. எந்த எடத்துல தூக்கம் வந்திச்சி, அத்த காட்டு.”

“யக்கா, சும்மா ஒரு ஜாலிக்கு...”

“ஜாலிக்கு எங்க அம்மாவ ஏன் இஸ்த? அது கெடக்குது. எடத்தக் காட்டு.”

கடைக்காரர் மூன்றாம் பாட்டின் பின்பாதியைப் போட்டார். இவர் கண்ணை மூடிக் கேட்டார். “ஆமா. இங்க இஸ்துட்டேன்” என்றார். அந்த ஆள் உடனே எங்கள் இருவருக்கும் லெமன் ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது கடைக்காரர், மனசு இளகிப்போய், “யக்கா, நான் எழுதனதெல்லாம் ஒண்ணியும் இல்ல. அந்தப் பூனதான் உங்கள காலி பண்ட்ச்சி” என்றார்.

“தெரியும்பா. அத்ததான் தேடினுகீறேன்.”

போன் என் கையில் இருந்தது. மேலே பூனை இருந்தது. ஜூஸைக் கவுன்டரில் வைத்துவிட்டு போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரத்தில் ஒரு நாள் காலை, பஸ் செங்கல்பட்டு பைபாஸில் போய்க்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரமாக எதையோ தட்டிக்கொண்டிருந்தார். “இன்னா யக்கா எழுதற?” என்று கேட்டேன். “பூனைக்குத்தான். ஒன் மூஞ்சிய பாக்கணும்னு” என்று சொல்லிக்கொண்டே அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

என் மடியில் இருந்த போன் டிங் என்றது.

நான் பையை அதன்மேல் வைத்தேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

“கேஸ் சிலிண்டர் மெசேஜ்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறைமலைநகர் வரும்வரை பேசவில்லை. இறங்கியதும் நான் கம்பெனிக் கழிவறைக்குப் போய்ச் சத்தத்தை அணைத்தேன். அவருக்கு அன்றே தெரிந்துவிட்டதா என்று இத்தனை வருடம் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் இளைஞர் மன்றத்து விழா. கடற்கரைக்குப் போகும் வழியில் இருந்த பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. இரண்டாவது ஆல்பத்துக்குப் பிறகு அவர் ஏறவேண்டிய முதல் மேடை அதுதான். மன்றத்துச் செயலாளர் பஸ் ஸ்டாப்புக்கே வந்து, “பழசயே பாடிடு யக்கா, புதுச தொடாத, சனம் கத்தும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: “அந்தப் பூன என் மூஞ்சிய பாத்து சொல்ட்டும்மே. ஆறு பாட்டும் கேட்டுட்டு, ஆறயும் மேல நின்னுகினுதான் பாடறன்னு சொல்ட்டும். அப்பிடியே மைக்க வெச்சிட்றேன். சாவு வூட்டுக்கும் போவல, மேடையும் ஏறல. சத்தியமா.”

“சொல்லலன்னா?”

“யாருன்னு தெரியாம எப்பிடி ஏறுவேன்? அந்த சனத்துல எந்த மூஞ்சின்னு தேடினே பாட முடியுமா?”

நான் சொன்னாலும் அவர் பாட்டு நிற்கும், வாயை மூடிக்கொண்டாலும் நிற்கும். சோதனை மேசையில் அந்த வாரம் என் டிக்கும் பெருக்கலும் மாறிப்போய், நல்ல சீல் ஒரு டிரே முழுக்கக் கழிவுக்குப் போனது.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேடைக்குப் பின்னால் இருந்த வகுப்பறைக்குப் போனேன். அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புதுப் புடவை. வெளியே மைக்கில் அவர் பெயரைச் சொல்லிவிட்டார்கள். சனம் விசில் அடித்துக்கொண்டிருந்தது. செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“யக்கா, ரெண்டு தபா கூப்ட்டாச்சி. பேஜார் பண்ணாத யக்கா.”

“நான் வரலப்பா. நீ வேற ஆள ஏத்து.” என்னைப் பார்த்து, “நீ ஏம்மே வந்த? வூட்டுக்குப் போ” என்றார்.

“யக்கா, அது நான்தான்” என்றேன்.

“எது?”

“பூன.”

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தேன். தாடையில் அவர் விரல் பட்டது. தூக்கினார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். சாவு வீட்டில் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

“ஏன்?”

“எங்க அண்ணன் பாட்டு இல்ல. நிக்கும்னு சொன்ன. தேடிப் பாத்தேன், இல்ல. கோவத்துல எழுதிட்டேன்.”

“பாட்டு கேட்டியா?”

“அப்ப கேக்கல.”

அவர் கையை எடுக்கவில்லை. “மொத ஆல்பத்துல பாடனேனே ஒரு கொத்தனாரு, அந்தாளு பொண்டாட்டி என் வூட்டு வாசல்ல வந்து நின்னா. ‘பாருல என் புருசன் பேரு ஓடுது, குடிகாரனுங்க சேந்து பாடறானுங்க, நிறுத்து’ன்னா. நான் எங்க போய் நிறுத்துவேன்? அதான் இதுல செத்தவங்க யாரயும் வெக்கல. ஒங்க அண்ணன நெத்திலியோட பாருல பாடியிருந்தா ஒனக்கு பரவால்லியா?”

என்னால் தலையை ஆட்டக்கூட முடியவில்லை. தாடை அவர் கையில் இருந்தது.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். பக்கத்துலதான உக்காந்துகினு வந்த.” பிறகு குரலை இறக்கினார். “இன்னொண்ணு. தரைல உக்காந்து பாடனேன்னு எழுதனியே. தரைலதான் உக்காந்தேன். அன்னிக்கி உங்க வூட்டுல எத்தினி சேர் கெடந்திச்சி? ஒண்ணு எட்த்து எனக்கு போட்டியா நீ?”

அன்றைக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலி அறுபது. நான்தான் ஆள் அனுப்பி எடுத்தேன். பாட வருகிறவர்களுக்கு, அதுவும் காலனியிலிருந்து பாட வருகிறவர்களுக்கு, எங்கள் குப்பத்தில் நாற்காலி போடும் வழக்கம் இல்லை. பஸ்ஸில் அத்தனை வருடம் ஒரே சீட்டில் தோளை இடித்துக்கொண்டு வந்தவள் நான். அன்று காலி நாற்காலிகள் இருந்தன. எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாதது மட்டுமில்லை, அதை அவருடைய பெருமை என்று நினைத்து ஊர் படிக்க எழுதியும் வைத்தேன்.

செயலாளர், “யக்கா...” என்றார். “நீ சும்மா இருப்பா” என்று அவரைப் பார்க்காமலே சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்: “அப்பால கேட்டியா? ஆறயும்?”

“கேட்டேன். தினம் கேக்கறேன்.”

“இப்ப சொல்லு. மூஞ்சிய பாத்து சொல்லு.”

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, நான் பாவி, நீ போய்ப் பாடு என்று சொல்ல எல்லா வார்த்தையும் தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் அந்த மேடை பிழைத்திருக்கும். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

“பஸ் பாட்டும் முட்டி வலிப் பாட்டும் நல்லா கீது யக்கா. அதக் கேட்டா நீ பக்கத்துல உக்காந்து பேசற மாதிரியே கீது.”

“மீதி நாலு?”

“அதுல நீ இல்ல.”

“தண்ணிப் பாட்டுலயுமா?”

“கத நம்புளுது. கொரலு உன்துல்ல. யாரோ சொல்லிக் குடுத்து பாடற மாதிரி கீது.”

“அம்மா தாயே, நீ வூட்டுக்குப் போ” என்றார் செயலாளர்.

அவர் என் தாடையை விட்டார். சத்தியம் செய்தபடி, வர மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். எழுந்து புடவைக் கொசுவத்தைச் சரி செய்தார். “ஆறும்னு சொல்லலியே” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் மேடைக்குப் பக்கத்தில், சுவரோரமாக நின்றேன். அவர் மைக்கைத் தொட்டதுமே முன்வரிசை கத்தியது: “சாவுப் பாட்டு யக்கா! சாவுப் பாட்டு!”

“யாரு செத்துட்டாங்க?” என்று மைக்கில் கேட்டார்.

சிரிப்பு.

“கேக்கறேன்ல. யாரு செத்துட்டாங்க? மூஞ்சிய காட்டு, பாடறேன்.”

கத்தியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைதானம் அப்படியே அடங்கிவிட்டது. தேர்முட்டிப் பக்கம் பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது. அந்த அமைதியில் அவர் பஸ் பாட்டை எடுத்தார். கிட்டார் இல்லை, டோலக்கும் இல்லை, வெறும் குரல். எங்கள் கம்பெனிக்காரர்கள் ஒரு இருபது பேர் வந்திருந்தார்கள், அவர்கள் மட்டும் தாளம் தட்டினார்கள். பாதி சனம் எழுந்து பஜ்ஜிக் கடைப் பக்கம் போனது. எவனோ, “எறங்கு யக்கா” என்றான். அவர் போகிறவர்களையும் பார்த்தார், இருக்கிறவர்களையும் பார்த்தார், முட்டி வலிப் பாட்டையும் முழுதாகப் பாடினார். இரண்டு பாட்டு, அவ்வளவுதான். மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கப் படி வழியாக இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். நான் நின்ற பக்கம் வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, காலை ஷிப்டு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் டிபன் பையை வைத்துவிட்டுப் போனைத் திறந்து பார்த்தேன். சேனலில் அந்த ஆல்பத்தில் பஸ் பாட்டு, முட்டி வலிப் பாட்டு, இரண்டு மட்டும் இருந்தன. திருக்கழுக்குன்றத்தில் அவர் ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தார்.